நாலாம் மாடி பட்டன்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் நாலாம் மாடி அவசரக்காரர். மெக்கானிக் குடியிருப்பது ஒற்றைத் தள வீட்டில். மேலே மொட்டை மாடி, கீழே மண். எங்கிருந்து எங்கே போக லிஃப்ட் என்று கேட்டேன். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார், ஏதோ நான்தான் பதிலை ஒளித்து வைத்திருப்பது போல.

அவசரக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட்டில் ஏறி நான்கு என்ற பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்துவது அவர் பழக்கத்தில் இல்லை. கதவு மூடும்வரை மரங்கொத்தி மாதிரி கொத்திக்கொண்டே இருப்பார். அந்த நாலாம் எண் பட்டன்தான் சில மாதங்களாகக் காணவில்லை. இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே புதிதாகப் போட்ட சின்னக் கறுப்பு சுவிட்ச் தெரியும். அதைப் பேனா முனையால் குத்தினால்தான் நாலாம் மாடிக்கு வழி. கேட்டால் மெக்கானிக், "வந்துடும் சார்" என்பார்.

தண்ணீர் கேன் போடுபவர் ஒருநாள் அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கூடத்தில் ஒரு பலகை. அதில் மேலே போகும் அம்பு, கீழே போகும் அம்பு, மாடி எண்கள். மெக்கானிக் அதன் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ "போகலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். கேன்காரர் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஒவ்வொரு மாடியாக ஏறி நாலாவதை அடைந்தபோது, ஊரில் உள்ள லிஃப்ட்டுகளின் பட்டன்களை எல்லாம் கழற்றி மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் கட்டியிருந்தார்; மனைவி போனதிலிருந்து மூளை கலங்கியும் இருந்தது. "பாவம்தான், ஆனா பட்டன் நம்மளுது" என்பது குடியிருப்பின் ஒருமித்த கருத்து.

நான் இரண்டாம் மாடி. என் பட்டன் பத்திரமாக இருந்தது. நடுநிலையாக விசாரிக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

பலகை இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மரப்பலகை. அடிப்பக்கம், மடியில் வழுக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டியிருந்தது. மேல் அம்பு, கீழ் அம்பு, ஒன்று, இரண்டு, கதவு திறக்கும் பட்டன். நடுவில், மற்றவற்றைவிட மங்கி, விளிம்பு தேய்ந்து, எங்கள் நான்கு. பலகையிலிருந்து ஒரு வயர் கிளம்பி டிவிக்குக் கீழே இருந்த வெள்ளைப் பெட்டிக்குப் போனது. அது கேம் விளையாடும் கன்சோல். எதிரே இரண்டு பேர் உட்காரும் சோஃபா. மெக்கானிக் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னொரு ஓரத்தைக் காட்டி என்னை உட்காரச் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய மனைவியின் தங்கை. அக்காவின் துணிமணிகளை ஒழுங்குபடுத்த வந்திருந்தாராம்.

பட்டனைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக்கே தொடங்கிவிட்டார். குற்றவாளிகள் பொதுவாக இந்த வசதியைச் செய்து தருவதில்லை.

அவருடைய மனைவி ஒரு பெரிய கடையில் பில் போடும் கவுன்டரில் இருந்தவர். பார்க்காமல் தட்டும் விரல்கள். அதே கடையின் மாடியில், டிவி விற்கும் பிரிவில், வாடிக்கையாளர்கள் விளையாடிப் பார்க்க ஒரு கன்சோல் வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைச் சீருடையோடு மாடிக்கு ஏறி, வரிசையில் நிற்கும் பொடியன்களோடு தானும் நின்று, கார் பந்தயம் விளையாடி எல்லோரையும் தோற்கடித்துவிட்டுக் கவுன்டருக்குத் திரும்புவாராம். பையன்கள் அவருக்கு பில் ஆன்ட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் படியேறும்போதே பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள்.

பிறகு சில்லறை கைநழுவத் தொடங்கியது. மருத்துவர் சொன்னதைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் கேட்டார்கள். தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும், விரலில் தொடங்கியிருக்கிறது, விரலோடு நிற்காது. வெளியே வந்து இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் பாதி வழியில் பில் ஆன்ட்டிதான் வாயைத் திறந்தார்.

"ஏங்க, நாமளும் ஒரு கேம் வாங்கலாமா?"

மெக்கானிக் உடனே சரி என்றார். அங்கேதான் சண்டை தொடங்கியது. அவர் சொன்னது கேமிங் கம்ப்யூட்டரை. ஆன்ட்டி கேட்டது கன்சோலை.

இந்தச் சண்டை உலகெங்கும் நடப்பதுதான். இதற்காக அண்ணன் தம்பிகள் பேசாமல் இருந்ததுண்டு. ஆனால் வாங்கி ஆளுக்கொரு மூலையில் உட்காரவாவது செய்திருப்பார்கள். இவர்கள் வாங்கவே இல்லை. மெக்கானிக் கிராபிக்ஸ் கார்டு, மின்விசிறி, கேபினட் என்று தினமும் ஒரு பாகத்தின் பெருமையை எடுத்து வருவார். கன்சோல் என்றால் ஒட்டி மூடிய பெட்டி, திறக்க முடியாத சாமானை நம்பக் கூடாது என்பார். "நல்லவேளை, எனக்கு ஸ்க்ரூ இல்ல. இருந்திருந்தா என்னையும் கழட்டித்தான் கல்யாணம் பண்ணியிருப்பீங்க" என்பாராம் ஆன்ட்டி.

ஒருநாள் பேச்சு முற்றியபோது மெக்கானிக் சொல்லியிருக்கிறார்: "கன்சோல்னா அவன் குடுக்கறதைத்தான் கையில பிடிக்கணும். கம்ப்யூட்டர்ல நாம எதை வேணும்னாலும் மாட்டிக்கலாம்."

"எதை மாட்டப் போறீங்க?"

பதில் அவரிடம் இருந்தது, சொல்லவில்லை. பழைய லிஃப்ட் பலகைகளிலிருந்து கழித்த பட்டன்களை அப்போதே ஒரு துணிப்பையில் சேர்க்கத் தொடங்கியிருந்தார். விரல் மடங்காமல் போனாலும் உள்ளங்கையால் அழுத்தலாம். கம்ப்யூட்டர் என்றால் இந்த மாதிரி எதையும் எளிதாக இணைக்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தார். அதைச் சொன்னால், உன் கை போகப் போகிறது, நான் இப்போதே ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னதாகிவிடும். எனவே கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் பார்க்கலாம் என்றார். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது.

ஒரு மழைக்காலம் வந்து போனது. ஆன்ட்டியை பில் கவுன்டரிலிருந்து வாடிக்கையாளர்களின் பையை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு அங்கிருந்தும் நின்றுவிட்டார். சண்டை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் காலை, பற்பசையின் மூடியைத் திறந்து தரச் சொல்லி ஆன்ட்டி குழாயை நீட்டினார். அன்றைக்கு மெக்கானிக் வேலைக்குப் போகாமல் கடைக்குப் போய் கன்சோலோடு திரும்பி வந்தார். எதற்காகத் திடீரென்று மனம் மாறினார் என்று ஆன்ட்டியும் கேட்கவில்லை.

கொஞ்ச காலம் நன்றாகப் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது மெக்கானிக்கின் முகத்தில் தோற்ற மனிதனின் வெட்கமே இருந்தது, ஏனென்றால் தினமும் தோற்றார். சாலையோர வேலியில் காரைக் கொண்டுபோய் இடிக்கும்போதெல்லாம் ஆன்ட்டி சொல்வாராம்: "லிஃப்ட்காரருக்கு மேலயும் கீழயும்தான் தெரியும். ரோடு வளைஞ்சா பாவம் என்ன பண்ணுவாரு."

பிறகு கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு என்றார் ஆன்ட்டி. மெக்கானிக் ஆமாம் என்று ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்தது மறுநாளும் நழுவியது. திறந்தால் உத்தரவாதம் கிடையாது என்று பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தார். அந்த வீட்டில் எதற்குத்தான் உத்தரவாதம் மிச்சமிருந்தது? உள்ளே இருந்த பொடிப்பொடி இணைப்புகளில் வயரைப் பற்றவைத்து பட்டன்களைப் பலகைக்குக் கொண்டுவந்தார். மேல் அம்பு வண்டியை ஓட்டும், கீழ் அம்பு நிறுத்தும், ஒன்றும் இரண்டும் இடம் வலம். கவிழ்ந்தால் கதவு திறக்கும் பட்டன். ஆன்ட்டி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் எந்த மாடிக்கு டிக்கெட் என்று கேட்டாராம். அன்றிலிருந்து கணவரை முந்தும்போதெல்லாம் ஆன்ட்டி சொல்வது, "இறங்கறவங்க இறங்கலாம்."

கை இன்னும் தளர்ந்தது. லிஃப்ட் பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஊர் ஜனம் அழுத்துவதற்காகச் செய்தது. ஆன்ட்டியின் விரலுக்கு அது பாறாங்கல். தன் பையிலிருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார் மெக்கானிக். தான் பராமரிக்கும் கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி அழுத்திப் பார்த்தார். மிருதுவாக, விரலை வைத்தாலே உள்ளே போகிற பட்டன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பல வருடங்களாக ஒரு மனிதர் விடாமல் கொத்திக் கொத்திப் பதப்படுத்திய பட்டன்.

"நாலாம் மாடி சார் கிட்ட சொல்லுங்க, அவர் கை வச்ச பட்டன் மாதிரி எங்கயும் கிடைக்கல" என்றார் மெக்கானிக். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை, நன்றிதான்.

ஐந்து பட்டன்களை இயக்கும் தெம்பு அப்போது ஆன்ட்டிக்கு இல்லை. அந்த கன்சோலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே காரை ஓட்டும் வசதி ஒன்று இருந்தது. மெக்கானிக் கையில் ஸ்டீயரிங். ஆன்ட்டியின் ஆள்காட்டி விரலுக்குக் கீழே நான்கு. அதை அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். "வளைக்கறது நீங்க, போறதும் நிக்கறதும் நான்" என்று பங்கு பிரித்தார் ஆன்ட்டி. சில சமயம் வேண்டுமென்றே நடு ரோட்டில் நிறுத்திவிடுவார். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். "போகலாமா?" என்று மெக்கானிக் கெஞ்ச வேண்டும். கெஞ்சிய பிறகுதான் வண்டி கிளம்பும்.

ஒரு சாயங்காலம் வண்டி நின்றது. வழக்கமான விளையாட்டு என்று நினைத்து அவர் கெஞ்சினார். கிளம்பவில்லை. இன்னொரு தடவை கெஞ்சினார். மற்ற கார்கள் எல்லாம் போய் ரோடு காலியாகிவிட்டது.

"அழுத்திட்டேங்க. போகல."

மெக்கானிக் எழுந்து வயரைப் பார்த்தார். வயரில் ஒன்றுமில்லை. பலகையைத் திருப்பி பட்டனைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். பட்டனிலும் ஒன்றுமில்லை. "ஸ்பிரிங்ல ஏதோ தூசி. நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றார். ஆன்ட்டி, "ஆமா, தூசிதான். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். பிறகு படுக்கைதான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

சொல்லி முடித்து மெக்கானிக் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னார்: "பட்டன் விஷயத்தை ஆரம்பத்துலயே சொல்லித் தொலைச்சிருந்தா அவ ஒத்துக்கிட்டிருப்பா. முன்னாடியே வாங்கியிருக்கலாம். அந்த மழைக்காலம் பூரா விளையாடியிருப்பா."

வாசற்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தார்.

"அக்காவுக்குத் தெரியும் மாமா. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி பட்டன் பையைப் பாத்துட்டா. என்கிட்ட சொன்னா."

தங்கை, மடித்த துணியையே திரும்ப மடித்தார். "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா கன்சோல் கேட்டா?"

"கம்ப்யூட்டர்னா மேஜை முன்னாடி ஒரு நாற்காலிதான் இருக்கும், அவர் பக்கத்துல நான் எங்க உக்கார்றதுன்னா. அப்புறம்..." தங்கை கொஞ்சம் நிறுத்தினார். "கை இருக்கற வரைக்கும் எல்லாரும் பிடிக்கறதைத்தான் நானும் பிடிப்பேன், பட்டன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னா. அதை உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சுடுவீங்களாம்."

ஆக, இவர் மனைவிக்காக வாயை மூடிக்கொண்டார், மனைவி இவருக்காக. ஒரே சோஃபாவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காரணத்தை மறைத்து, நல்ல விரல்கள் இருந்த ஒரு மழைக்காலம் முழுவதையும் இருவரும் சேர்ந்து செலவழித்திருக்கிறார்கள். கிண்டல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்து நாலாம் எண்ணின் திருகை இரண்டு சுற்று தளர்த்தினார். நான் அதற்காகத்தானே போனேன். பிறகு அதே இரண்டு சுற்றை இறுக்கினார்.

"அடுத்த சர்வீஸுக்கு வரும்போது எடுத்துட்டு வரேன் சார்."

அவசரம் ஒன்றுமில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவசரமெல்லாம் நாலாம் மாடியின் சொத்து.

அன்று மாலை அவசரக்காரர் லிஃப்ட்டுக்குள்ளேயே என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் லிஃப்ட் உண்டா இல்லையா? சொன்னேன். என் மாடி வந்து கதவு திறந்து மூடியது, நான் இறங்கவில்லை. நாலாம் மாடி வரை சொல்லி, அங்கே நின்றபடியே மிச்சத்தையும் சொன்னேன். பட்டன் ஏன் மிருதுவாயிற்று என்ற இடத்தில் அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த சர்வீஸ் நாளில் மெக்கானிக் வந்தார். கதவுக்கு எண்ணெய் விட்டார், கயிற்றைப் பார்த்தார், ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்த்தார். பையிலிருந்து எல்லாம் வெளியே வந்தது, நான்கு வரவில்லை. அவசரக்காரர் பக்கத்திலேயே நின்று, கதவுச் சத்தம் இப்போது பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த சர்வீஸிலும் இப்படியே.

ஓட்டை அப்படியே இருக்கிறது. பக்கத்தில், லிஃப்ட்டின் கைப்பிடிக் கம்பியில், ஒரு பேனா நூலில் தொங்குகிறது. முடிச்சைப் பார்த்தால் வங்கிக்காரர் போட்டது என்று தெரியும். நாலாம் மாடிக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக் குத்திக்கொள்ளலாம்.