ரவை அளவு சொட்டு, தோசை அளவு வட்டம்

பிளஸ் ஒன் பிசிக்ஸ் டியூஷன்னா கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் சத்தியம் பண்ற தொழில்னு, எடுக்கறவங்க உங்களுக்குத் தெரியாதா? ரிடையரானப்புறம் வேங்கிக்கால் வீட்டு மாடியில நானும் அதத்தான் பண்றேன்.

எந்தப் படியில அளப்பீங்க?

கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்ற கயல்விழி கெட்டிக்காரி. அந்த பஸ்ஸு பௌர்ணமியன்னிக்கு கிரிவலக் கூட்டத்துல எங்க நிறுத்துவான்னே தெரியாது, ஒருவாட்டி என்னைய... சரி, அது கிடக்கட்டும். அவ அப்பா கடலை விவசாயி. ஒருநாள் வந்து, கண்ணுக்கே தெரியாத அணுவப் படிச்சு என்ன ஆகப்போவுது, பொண்ண காமர்ஸ் குரூப்புக்கு மாத்தப்போறேன்னுட்டாரு. கயலுக்குக் கண்ணுல தண்ணி. "ஞாயித்துக்கிழமை வாங்க, அணு எவ்ளோ சைஸுன்னு இங்கயே அளந்து காட்டறோம், அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னேன்.

"பூதக்கண்ணாடியிலயே தெரியாதத நீங்க எந்தப் படியில டீச்சர் அளப்பீங்க?"ன்னாரு.

அன்னதானத் தாம்பாளம்

தண்ணி மேல பவுடர் தூவி, நடுவுல துளி எண்ணெய் விட்டா, பவுடர ஒதுக்கிட்டுப் பரவும். ஒரே ஒரு மூலக்கூறு கனம் ஆகி, இதுக்கு மேல மெலிசாக முடியாதுன்னா நின்னுடும். சொட்டும் வட்டமும் தெரிஞ்சா கனம் தெரிஞ்சிடும். சனிக்கிழமை ஒத்திகைக்கு, பக்கத்து வீட்டு சரசு அன்னதானத்துக்குப் புளியோதரை வெக்கற தாம்பாளத்த வாங்கினேன். சொட்டு நகரவேயில்ல! கண்ணுக்குத் தெரியாத பழைய எண்ணெய் ஏற்கெனவே தண்ணி மேல பரவியிருக்கு. வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம அவகிட்ட அதச் சொல்லிட்டேன்.

"புளி போட்டுத் தேச்சது டீச்சரம்மா, மூஞ்சி தெரியுது பாருங்க! இதுல எண்ணெய்ன்னா அந்த அண்ணாமலையாருக்கே அடுக்காது!"

ஞாயித்துக்கிழமை

புது பிளாஸ்டிக் டப்பு, மருமக பவுடர். அவ பவுடர் போடற அழகு தனிக்கதை, விடுங்க. கயலு, அவங்க கொல்லைக் கடலையில ஆட்டின எண்ணெயில ஊசியத் தொட்டு, ரவை அளவு சொட்டு வெச்சா. பவுடர் விர்ருனு ஒதுங்கி, தோசை அளவு வட்டம்! அவ அப்பா குனிஞ்சவரு நிமிரவேயில்ல.

மில்லிமீட்டர பத்து லட்சமா கூறு போட்டா, ரெண்டு கூறு கனம். அந்த ஒரு மூலக்கூறு கனத்துல ஒண்ணு மேல ஒண்ணா பதினஞ்சு அணு நிக்கும்னு குத்துமதிப்பா வெச்சுக்கிட்டோம். அப்ப மில்லிமீட்டருக்கு எழுபத்தஞ்சு லட்சம் அணு. புக்குல கிட்டத்தட்ட ஒரு கோடி. கயலு மூஞ்சி விழுந்துடுச்சு. "பத்து மடங்கு தப்பாகலைல்ல? இந்தக் கணக்குல அது ஜெயிச்ச மாதிரிடீ"ன்னேன்.

அவ அப்பா சிரிச்சாரு. "நானும் வரப்புல நின்னு, இத்தினி மூட்டைன்னு இப்படித்தான் சொல்றேன். பாப்பா, நீ இந்த குரூப்லயே இரு. ஆனா அந்தப் பத்து மடங்க மட்டும் கடலை மண்டியில வந்து சொல்லிடாத!"

இத்தினி வருஷத்துல நான் கண்டது இதாங்க: டியூஷன்ல சேர்றது பிள்ளைங்க, பாடம் எடுக்கறது அப்பாங்களுக்கு.