டப்பாவைக் கழற்றச் சொன்னது யார்

என் கணவர் எதையும் யோசித்துச் செய்கிறவர். இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். ஒரு பல்பு மாற்ற மூன்று நாள் யோசிப்பார். அந்த மூன்று நாளும் நாங்கள் இருட்டில் இட்லி தின்போம். தாராவியில் நாங்கள் நடத்தும் இட்லி மாவு வியாபாரத்தில் ஆட்டுவது, புளிக்க வைப்பது, யோசிக்காமல் முடிவெடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பிக்கப் வண்டி ஓட்டுவதும் யோசிப்பதும் அவர் பொறுப்பு.

அந்த வண்டி போன வருஷம் மழை முடிந்ததும் படுத்த ஆரம்பித்தது. சமதரையில் ஓடும், பாலம் ஏறச் சொன்னால் முக்கும். காட்கோபர் பக்கம் ஒரு மேம்பாலத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முலுண்டில் மெஸ் நடத்தும் மாமிக்குக் காலை ஆறு மணிக்குள் மாவு போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஆட்டுவதில் பாதி அவருக்குத்தான். அவர் கைவிட்டால் கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

சந்து முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, சைலன்ஸர் பைப்புக்கு நடுவுல ஒரு டப்பா இருக்குல்லா, கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகையைச் சுத்தம் பண்ணுத சாமான். உள்ள கரி அடைச்சுக் கெடக்கு. இஞ்சின் மூச்சு விட முடியாமத் தவிக்கு. புதுசு வர பத்து நாளாவும்."

"டப்பாவையே தூக்கிட்டு வெறும் பைப்பை வச்சா?"

"வண்டி பறக்கும். ஆனா அது தப்புக்கா. பொல்யூஷன் செக்குல தேறாது."

கணவர் வழக்கம்போல யோசித்தார். "ஏட்டி, பத்து நாளைக்கு வாடகை வண்டி வச்சுக்கிடுவோம். அந்தப் புகை ஊரான் மூக்குக்குள்ளல்லா போவும்?"

"மும்பையில புகை போவாத மூக்கு எங்க இருக்கு? நம்ம புகை நமக்குப் பின்னாலதான போவுது. நாம முன்னால போயிருவோம்லா" என்றேன். இவ்வளவு அறிவாக நான் பேசியதே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது சந்து முழுக்கத் தெரியும். புதுசு வந்ததும் மாட்டிவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு டப்பாவை அறுத்தெடுத்தார். அந்த இடத்தில் ஒரு பைப்பை வைத்துப் பற்றவைத்தார்.

வண்டி பறந்தது. சத்தத்தில் தெருநாய்கள் கூட எழுந்து வழிவிட்டன. முன் சீட்டில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். நாலாவது நாள் பற்றவைத்த இடம் விரிசல் விட்டிருக்கிறது. மாவு பொங்கும் என்பதால் டிரம் மூடிகளை நாங்கள் இறுக்குவதில்லை. தூசிக்காக மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம். அதற்குள்ளே ஏறிய புகை மாவோடு சேர்ந்து முலுண்ட் வரை சொகுசாக வந்திருக்கிறது. முன்னால் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாமி டிரம்மைத் திறந்து மோந்தார். "ஏம்மா, என்னது இது, லாரி வாசனை அடிக்கறதே?"

"புது உளுந்து மாமி" என்றேன், கூசாமல்.

மாமி ஒரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் ஊற்றி, முறுகலாகத் தோசை வார்த்து என் கையில் கொடுத்தார். "சாப்பிட்டுட்டுச் சொல்லு."

பஸ் டிப்போவை நெய் விட்டு வார்த்த மாதிரி இருந்தது. முகம் மாறாமல் மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாத்தான இருக்கு?" என்று வாய் நிறையத் தோசையோடு சொன்னேன்.

மாமி என் கணவரிடம் ஒரு துண்டை நீட்டினார். "நீங்க சொல்லுங்கோ. நீங்க பொய் சொல்ல மாட்டேள்."

அவர் வாங்கி மென்றார். யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பேச விட்டதில்லை. இப்போது ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பழிவாங்கிவிடலாம். அவர் இடத்தில் நானாக இருந்தால் பாட்டே பாடியிருப்பேன்.

"நாறுது மாமி" என்றார். "வண்டில புகையைச் சுத்தம் பண்ணுத டப்பாவக் கழட்டச் சொன்னது நான்தான். இவ வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டா. வேற மாவு இப்பமே வாங்கியாந்து தாரேன். புது டப்பா மாட்டுற வரைக்கும் வாடகை வண்டியிலதான் வருவோம்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். தோசையை விழுங்கினேன். வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இந்த நல்லதனத்தை அவரிடம் யார் கேட்டார்கள்?

மாமி எங்களை விடவில்லை. புது டப்பாவும் வந்து மாட்டியாயிற்று. ஆனால் இப்போதும் மாவு இறக்கும்போதெல்லாம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதில் விழும்படியே சொல்கிறார்: "நீதாம்மா வெவரமானவ. இனிமே அவர் பேச்சைக் கேட்டு எதையும் பண்ணாதே."

நான் தலையாட்டுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரும் தலையாட்டுகிறார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துக் கிண்டலாகச் சிரித்தாரென்றால் போதும், மாமியிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவேன். பாவி மனுஷன், சிரிக்கவே மாட்டேன் என்கிறார்.