தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றோடு நின்றவள்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவள் வேலை. மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்ட மாட்டாள். அது உடையுமா, உடையாதா என்று பார்த்தே தீருவாள். ஏழாலோ நாற்பத்து மூன்றாலோ மீதியில்லாமல் வகுபட்டால் அங்கேயே விட்டுவிடுவாள். எதற்கும் மசியாத பகா எண் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தலைகால் புரியாது. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மீதி'.

வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்களை மனப்பாடம் செய்யவைத்தவன் அண்ணன். வீட்டில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. அவன் போனான், கணிதப் பேராசிரியரானான். அவன் சட்டைகளைத் துவைத்துக்கொண்டே இவள் ஒப்பித்தாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணோட சரி. பத்து லட்சம் வரைக்கும் எதையும் சோதிக்க இது போதும்," என்றான். அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவன் ஓய்வுபெறும் விழா நெருங்கியது. "உனக்கும் மூளை இருக்குன்னு நாலு பேர் முன்னாடி நான் சொல்லணும், அதானே உன் ஆசை? 994009. பகா எண்ணா, இல்லையா? விழாவுல சரியாச் சொல்லு, மேடையில என் பக்கத்துலயே உக்காரு."

ஆயுசு முழுக்க அவள் ஏங்கியது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்தாள். எல்லாவற்றிலும் மீதி வந்தது. கடைசி எண்ணில் முப்பத்தாறு மிஞ்சியது.

விழாவில் எழுந்து நின்றாள். "பகா எண்தாண்ணா."

அண்ணன் மைக்கை வாங்கினான். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழை அதாலயே பெருக்கிப் பாரும்மா."

ஆளாளுக்குப் போனை எடுத்துத் தட்டினார்கள். 994009. அரங்கம் சிரித்தது.

"ஆயிரத்துக்குள்ள வர்ற அந்தக் கடைசிப் பகா எண்ணை அன்னைக்கு வேணும்னேதான் விட்டேன். எப்பவாவது கண்டுபிடிப்பாளான்னு பாத்தேன். தலை நரைச்சுப் போச்சு, இன்னும் காணோம்." மறுபடியும் சிரிப்பு.

பத்து லட்சத்துக்குள் அவளைத் தவறவைக்கக்கூடிய எண் அது ஒன்றுதான். இத்தனை வருடம் தெருத்தெருவாக அவள் சொன்னதெல்லாம் சரி. தேடிப் பிடித்துக் கொடுத்தவனுக்கு அதுவும் தெரியும். பாவி, அதைச் சொல்ல மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அந்தக் காலி நாற்காலியக் கீழ எடுத்துட்டுப் போயிடும்மா. போட்டோவுக்கு இடைஞ்சலா இருக்கு."

அவள் மேடை ஏறினாள். நாற்காலியை மடக்கிக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "வேற ஏதாவது விட்டிருக்கியாண்ணா?"

"தேடிப் பாரு," என்றான், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

வேறு எதையும் அவன் விட்டிருக்கவில்லை. இப்போதெல்லாம் அவள் மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுகிறாள்.