பட்டாளத்துத் தொரை வரைந்த செவலை

கோப்பிச் செடி செத்து, மலை முழுக்கத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டம். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து மாடுகள் இரண்டு தடவை நாற்றுமேடையில் இறங்கி மிதித்துவிட்டன. இனித் தோட்டத்தில் மாடே கூடாது என்று பெரிய தொரை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். எல்லாரும் விற்றார்கள். நான் விற்கவில்லை. எனக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று மாதக் கைக்குழந்தை, என் மகள், செவலைப் பசுவின் பாலில்தான் பிழைத்துக் கிடந்தாள்.

ஓடைக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே மானாப்புல்லால் கொட்டகை போட்டு மாட்டை ஒளித்து வைத்தேன். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் காட்டிக் கொடுக்கவில்லை. பாசம் என்று சொல்லலாம், என் வாய்க்குப் பயம் என்றும் சொல்லலாம்.

அப்போதுதான் பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு பட்டாளத்துத் தொரை வந்தார். முன்பு திருச்சிப் பக்கம் இருந்தவராம், தமிழ் பேசுவார். பலகையில் தாளை வைத்துக்கொண்டு மலைமலையாகப் படம் வரைவார். அருவியைத் தேடிப் பள்ளத்தில் இறங்கியவர், பால் கறந்துகொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றார். செம்பை அப்படியே நீட்டினேன். மீசையில் நுரை ஒட்டக் குடித்தார். பெரிய தொரையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று காலில் விழுந்தேன்.

"நான் சிப்பாய். சிப்பாய் வாக்குக் குடுத்தா மாத்த மாட்டான்," என்றார். "படம் சீமைக்குப் போவும். இங்கே ஒருத்தனும் பாக்க மாட்டான்."

எட்டு நாள் வந்தார். எட்டு நாளும் பால் குடித்தார். அந்த எட்டு நாளும் பிள்ளைக்கு மிச்சப் பாலில் கஞ்சித் தண்ணீரைக் கலந்து கொடுத்தேன். அவர் வாய் மூடியிருக்க வேண்டுமே.

கடைசி நாள், மாட்டையும் படத்தில் போடப்போகிறேன் என்றார். புத்தியுள்ளவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். நானோ அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாட்டுப்பொங்கல் போலக் கொம்புக்குக் காவி அடித்துக் கொண்டுவந்தேன். வெள்ளைக்காரன் ஊரில் நம் மாட்டைப் பார்த்து யாரும் இளக்காரமாகப் பேசிவிடக்கூடாதல்லவா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை, படம் கெட்டுவிடும் என்று.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் படம் அச்சாகி, வர்ணம் பூசி, சீமையிலிருந்து பங்களாவுக்கே வந்து சேர்ந்தது. விருந்து வைத்ததற்கு நன்றியாம். பெரிய தொரை சட்டம் போட்டு மாட்டினாராம். மாட்டிவிட்டுக் கீழ் மூலையை ரொம்ப நேரம் பார்த்தாராம். கங்காணி வந்து என்னைக் கூட்டிப்போனார்.

நானும் பார்த்தேன். எங்கள் மலையை இரண்டு மடங்கு உயர்த்தியிருந்தார். நூல்போல விழுகிற அருவி வெள்ளமாகக் கொட்டியது. லயத்தைக் காணோம், அந்த இடத்தில் இடிந்த கோயிலும் நாலு தென்னை மரமும். செவலை மட்டும் அச்சு அசலாக நின்றது. வளைந்த இடது கொம்பு, அதில் காவி, நெற்றியில் வெள்ளை. கழுத்துக் கயிறு ஒரு புதரில் கட்டியிருந்தது. நான் நின்ற இடம் அது.

விடுவேனா? "தொரைங்களே, நம்ம தோட்டத்துல தென்னமரம் இருக்குங்களா? கோயில் இருக்குங்களா? அம்புட்டும் பொய்யா இருக்கையில மாடு மட்டும் எப்படிங்க நெசமாகும்?"

தொரையே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் கங்காணிக்குப் படித்துக் காட்டினார். தோட்டத்தின் பேர், ஓடையின் பேர், எந்தச் சரிவு என்பதுவரை எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் மாடு வெளியே போகவேண்டும் என்று உத்தரவு.

இறங்கி வரும்போது கங்காணியிடம் அழுதேன். "வாக்குக் குடுத்தாரு மாமா."

"யாருக்குப் புள்ள? ஒனக்கா, மாட்டுக்கா? படத்துல ஒன்னயே காணோமே."

அன்றைக்கே செவலையைக் கீழே சிங்களக் கிராமத்துக்கு ஓட்டிப்போய் ஒரு பொம்பளையிடம் விட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. கையைக் காலை ஆட்டிப் பேசி முடித்தோம்: தீனி அவளது, ஞாயிற்றுக்கிழமைப் பால் எனது. மிச்ச ஆறு நாளும் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. அவள் அழும்போதெல்லாம் அந்த மனுஷனை வைவேன். மலையைத் தூக்கி வைத்த கைக்கு, ஒரு கொம்பை நிமிர்த்தி வைக்க வலிக்குமா?

பிள்ளை செத்துப்போகவில்லை. நடக்கப் பழகியதும், சனிக்கிழமை சாயங்காலமே செம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுவாள். விடியட்டும் கண்ணு, கட்டாயம் கொண்டுவருவேன் என்பேன். நம்பமாட்டாள். செம்பை விடமாட்டாள். அதற்காக நான் அவளை ஒரு நாளும் திட்டியதில்லை.