என் தம்பி எந்த நாட்டு மாணவன்?

எங்கள் அப்பாவை ஏமாற்றியது பிரித்தானியாவின் கல்வி அமைச்சர்தான். எந்த அமைச்சர் என்று கேட்காதீர்கள். அந்த நாற்காலியில் ஆள் அடிக்கடி மாறுகிறது. வருகிற ஒவ்வொருவரும் எதையாவது மாற்றிவிட்டுப் போகிறார். எனக்கு அழகாக எழுத வராது. இத்தாலியின் பலெர்மோ நகரில் வீடுகள் துப்புரவாக்கிப் பிழைக்கிறவள் நான். எங்கள் குடும்பத்தின் படிப்பு எங்கே கெட்டது என்று பல மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் மேல்தான் கோபம் வந்து நிற்கிறது. அதனால் முதலில் அமைச்சரில் தொடங்குகிறேன்.

அப்பாவை நினைத்தால் அவர் இஸ்திரிப் பெட்டியோடு ஒரு கோட்டை மினுக்கிக்கொண்டு நிற்பதுதான் முன்னால் வருகிறது. பணக்காரர் இருக்கிற பொலிதேயாமாப் பக்கம், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானியம்மா ஒருவரின் வீட்டில் அவருக்கு வேலை. சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்குவது எல்லாம் அவர்தான். நாங்கள் இருந்தது அல்பெர்கேரியா என்ற ஏழைப் பகுதியில், நாலாம் மாடியில். ஒருநாள் பல்லரோச் சந்தையில் பழைய உடுப்புக் குவியலுக்குள் கிளறி ஒரு கறுத்தக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் ஏதோ ஓர் இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தின் சின்னம் தைத்திருந்தது. ஆம்பிளைப் பிள்ளையின் கோட்டு, எனக்கு முழங்கால்வரை வந்தது. சின்னத்தின் மேல் ஈரத்துணியை விரித்து, நூல் பொசுங்காமல், சின்யோராவின் பட்டுச் சட்டைக்குக்கூடச் செய்யாத பக்குவத்தோடு மினுக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆவணி வெயிலில், அதைப் போட்டுக்கொண்டு நான் பூசைக்குப் போனேன். மாதா கோவில் வாசலில் நின்ற பெடியன் ஒருவன் கேட்டான்: "என்னடி, கரபினியேரியிலை சேர்ந்திட்டியோ? ஆரைப் பிடிக்கப் போறாய்?" போலீஸ்காரி என்றுதான் அன்று முழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. "சிரிக்கட்டும் பிள்ளை. நாளைக்கு அவையளின்ரை பிள்ளையளும் போடுவினம்" என்றார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய தகப்பன், என் அப்பப்பா, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவொன்றில் பிறந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் காசு கேட்கமாட்டார்கள். இங்கிலீசுப் பள்ளிக்கூடம் கடலுக்கு அந்தப்பக்கம் பட்டினத்தில். அங்கே மாதாமாதம் காசு கட்டவேண்டும். வீட்டில் இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள், ஒருவனுக்குத்தான் கட்ட முடியும். மூத்தவர் வள்ளமேறிப் போனார், படித்தார், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் ஆனார். இளையவர் அப்பப்பா. அவருக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு வலை. அண்ணன் ஊருக்கு வந்தால் தம்பி எழுந்து நிற்பாராம். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் கதிரையிலும் மற்றவர் நிலத்திலும். அப்பா சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறார். "இங்கிலீசு எண்டால் பாஷை இல்லைப் பிள்ளை, படலை, வேலிக்கு உள்ளை போற வாசல்" என்று அவர் சொல்லுவது அதனால்தான். அவருடைய முறை வந்தபோது வெள்ளைக்காரன் போய்விட்டான். எல்லாருக்கும் படிப்பு இலவசம், எல்லாம் தமிழில். இங்கிலீசு ஒரு பாடமாக இருந்தது, அதைப் படிப்பிக்க வாத்தியார்தான் தீவுக்கு வரவில்லை. பலெர்மோவில் இங்கிலாந்துச் சுற்றுலாக்காரரைக் கண்டால் அவர்கள் கதைப்பதைக் கேட்பதற்காகவே அப்பா பின்னால் நடப்பார். அவர்கள் திரும்பி வழி கேட்டால் ஓடிவிடுவார்.

நான் இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. மேலே படிக்க வையுங்கள் என்று என் ஆசிரியை வீடு தேடி வந்து சொன்னார். அவர் படியிறங்கிப் போனபிறகு அப்பா சொன்னார்: "இத்தாலியன் படிச்சு என்ன செய்யப் போறாய்? சின்யோராவோடை வடிவாக் கதைக்கலாம், அவ்வளவுதான்."

இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும், இங்குள்ள தமிழர் பலர் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். இத்தாலியப் பாஸ்போர்ட் இருந்தால் அப்போது இங்கிலாந்துக்குப் போய்க் குடியிருக்கலாம், படிக்கலாம். கோவில் மண்டபத்தில் பிரியாவிடை முடிந்து ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. போகிற இடம் பேர்மிங்ஹாம் ஆனாலும் லெஸ்டர் ஆனாலும் 'லண்டன் போறம்' என்றுதான் சொல்வார்கள். தாயும் பிள்ளைகளும் போவது, தகப்பன் தன் சின்யோராவையும் பென்சனையும் விடாமல் இங்கேயே இருந்து உழைத்து அனுப்புவது. அதுதான் வழக்கம். அம்மாவும் நானும், நடக்கப் பழகியிருந்த என் தம்பியும் லெஸ்டருக்குப் போனோம். கோட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார் அப்பா. என்னைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் கோட்டே கிடையாது. நீலக் கம்பளிச் சட்டை ஒன்றுதான்.

பதினாறு வயதுக்குப் பிறகும் படிக்கிற வசதியில்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் வாரம் ஒரு சிறிய தொகை கொடுத்தது. என் பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் அதில்தான் ஓடின. அரசாங்கம் மாறியது, அதை நிறுத்தினார்கள். அடுத்து நான் பல்கலைக்கழகம் போகவேண்டிய நேரம் பார்த்துக் கட்டணத்தை ஒரேயடியாக மூன்று மடங்காக்கினார்கள். கடன் தருகிறோம், உழைக்கும்போது கட்டு என்றார்கள். வெளிநாடு வந்த கடனை வருடக்கணக்காகக் கட்டிய அப்பாவிடம் போய்க் கடன் என்ற சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும்? "கடன்பட்டுப் படிக்கிறதுக்கோ உன்னை லண்டனுக்கு அனுப்பினனான்?" என்று தொலைபேசியில் கத்தினார். அது வட்டிக்காரன் கழுத்தைப் பிடிக்கிற கடன் இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த அப்போது எனக்கும் தெரியாது. நான் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குப் போனேன். மிச்சமிருந்த நம்பிக்கை முழுவதும் தம்பியின் தலையில் ஏறியது.

தம்பி அங்கேதான் வாசிக்கப் பழகினான். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது ஒரு புதிய வாசிப்புச் சோதனை வந்திருந்தது. எழுத்தைக் கூட்டத் தெரிகிறதா என்று பார்க்க அர்த்தமே இல்லாத சொற்களைக் கொடுப்பார்கள். அவன் அவற்றைத் தொலைபேசியில் அப்பாவுக்கு வாசித்தான். "பிளோன், ஸ்னெம்ப், தார்க்." அப்பா கேட்டார்: "உதென்ன அர்த்தமடா?" "ஒண்டுமில்லை அப்பா. வேற்றுக்கிரக ஆக்கள் கதைக்கிற சொல்." பலெர்மோவில் அப்பா அந்தச் சொற்களைச் சொல்லிச் சொல்லிச் சட்டை மினுக்கினாராம். சின்யோரா பயந்துபோய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, உன் புருஷனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். அமைச்சர் அவர்களே, நீங்கள் கண்டுபிடித்த அர்த்தமில்லாத சொற்களைக்கூட மனப்பாடம் செய்த மனிதர் எங்கள் அப்பா.

பிறகு பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியது. எங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து இருப்பதற்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அம்மாவும் நானும் விண்ணப்பித்தோம், கிடைத்தது. தம்பிக்குச் செய்யவில்லை. ஏன் தெரியுமா? இத்தாலியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் சின்னப் பிள்ளைக்குத் தனியாக வதிவிட அனுமதி கிடையாது. தாய் தகப்பனின் பெர்மெஸ்ஸோவிலேயே பிள்ளையின் பெயரும் ஏறும். போலீஸ் அலுவலகமான கொஸ்தூராவில் விடியமுன் வரிசையில் நின்று நாங்கள் கற்றது அதைத்தான். "அவன் தாயின்ரை பெர்மெஸ்ஸோவுக்குள்ளை இருப்பான். சும்மா போட்டுக் குழப்பாதேங்கோ" என்றார் அப்பா. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். குற்றத்தை ஒப்புக்கொள்ள நான் இங்கே வரவில்லை. ஒன்பது வருடம் அந்தப் பிள்ளையைத் தினமும் பெயர் கூப்பிட்டு இடாப்புப் போட்ட பள்ளிக்கூடத்தில் ஒருவராவது, இவனுக்குத் தனியாகப் போட்டீர்களா என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று பேரும் பலெர்மோவுக்கு ஓடிவந்தோம். தம்பிக்குப் பதின்மூன்று வயது. அப்பா கோணிய வாயால் எங்களைத் திட்டினார். "என்னை ஏன் பாக்கிறியள்? பெடியனைத் திருப்பிக் கொண்டுபோங்கோ. பள்ளிக்கூடம் போகுது." கொண்டுபோயிருக்க வேண்டுமா? குளிக்க வார்க்கவும் தூக்கி இருத்தவும் ஆள் வேண்டிய மனிதரை விட்டுவிட்டா? அப்பா சொன்னதைக் கேளாமல் அப்பாவைப் பார்த்தோம். அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாரிகாலத்தில் அப்பா கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு, தம்பி வாசிக்கப் பழகிய அதே லெஸ்டரில் ஒரு பல்கலைக்கழகம் அவனுக்குப் பொறியியல் படிக்க இடம் தந்தது. கூடவே வெளிநாட்டு மாணவன் என்றது. உள்நாட்டுப் பிள்ளை கட்டுவதைவிடப் பல மடங்கு கட்டவேண்டும், அரசாங்கக் கடனும் கிடையாது. பிந்தியாவது அவனுக்கு விண்ணப்பித்துப் பார்த்தோம். ஏன் இவ்வளவு பிந்தியது என்றார்கள். பெர்மெஸ்ஸோக் கதையைச் சொன்னேன். அது காரணம் ஆகாது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், நான் நாளைக்குப் போனாலும் உள்நாட்டாள். தரை துடைக்கிறவளுக்கு உள்ள உரிமை படிக்க வேண்டியவனுக்கு இல்லை.

சென்ற கிழமை குசினியில் இருந்து கதைத்தோம். அப்பா வேலை செய்த இடம் இப்போது மறுபடி காலியாக இருக்கிறது, பையன் வருவானா என்று சின்யோரா கேட்டிருந்தார். நல்ல மனதோடுதான் கேட்டார். அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்குப் போய்ப் பாரன் தம்பி" என்றார்.

"ஓம், போறன். அப்பாவின்ரை ஏப்ரனும் கிடக்குத்தானே, அளவு சரியாத்தான் இருக்கும்."

"நக்கலடிக்காதை."

"நக்கல் இல்லை அம்மா. இஞ்சை பள்ளிக்கூடத்திலை என்னை இங்லேசே எண்டு கூப்பிட்டாங்கள், வெள்ளைக்காரனாம். அங்கை ஸ்த்ரானியேரோ எண்டுறாங்கள், வெளிநாட்டானாம். சின்யோரா ஒராள்தான் எனக்கு ஒரு இடம் வைச்சிருக்கிறா."

"வாயை மூடடா" என்றேன்.

இடத்தை ஏற்கிறானா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் அவன் அவர்களுக்குச் சொல்லவேண்டும். அவன் சின்யோராவிடம் போய்விட்டால், அப்பப்பாவிலிருந்து அவன்வரை யாருமே அந்தப் படலையைத் தாண்டவில்லை என்றாகிவிடும்.

தம்பிக்கு அனுமதி கொடுப்பது கல்வி அமைச்சின் வேலை இல்லை, உள்துறையின் வேலை என்று, அமைச்சர் அவர்களே, நீங்கள் சொல்வீர்கள். உள்துறையைக் கேட்டால் பல்கலைக்கழகத்தைக் காட்டும். பல்கலைக்கழகம் உங்கள் விதியைக் காட்டும். யார் உள்நாட்டு மாணவன் என்று எழுதி வைத்தது நீங்கள். ஆகவே நீங்களே சொல்லுங்கள். நீங்கள் தமிழ் வாசிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் இப்போது உங்கள் ஊரில் நிறையப்பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு வாக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதை உங்களிடம் கொண்டுவந்து கேட்கட்டும். வருந்துகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பும் பதில் எனக்கு வேண்டாம். நாலு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை உங்கள் வகுப்பில் இருந்து, உங்கள் சோதனைகளை எழுதி, உங்கள் மொழியில் வாசிக்கப் பழகிய இந்தப் பிள்ளை எந்த நாட்டு மாணவன்? உங்கள் பாராளுமன்றத்தில், எல்லாருக்கும் கேட்க, எழுந்து நின்று சொல்லுங்கள். மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள்.