சென்றிக்காரியின் கொண்டை

அந்த வருடங்களில் உம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை கொண்டையை அவிழ்த்து முடிந்தார். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, பின்னேரம் திரும்பி வரும்போது இன்னொரு தடவை. கல்முனைச் சந்தையைத் தாண்டியதும் ராணுவம் சோதனை போடும் சென்றியில் பஸ் நின்றுவிடும். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஆண்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு வரிசையில் போவார்கள். பெண்கள் மற்றப் பக்கத்தில், தகரம் அடித்த ஒரு மறைப்புக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். உள்ளே ஆமிப் பெண்கள் இருவர் நிற்பார்கள். முக்காட்டை எடு, கொண்டையை அவிழ், உதறு, போ. கொண்டைக்குள் அப்படி எதைத்தான் ஒளிப்பார்கள் என்று ஒரு நாள் உம்மாவிடம் கேட்டேன். "அத அவங்களத்தான் கேக்கணும் மகள்" என்றார். கேட்கிற அளவுக்கு அவரிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வாப்பாவையும் வீட்டையும் கடல் கொண்டுபோய் மூன்றாவது வருடம் அது. சாய்ந்தமருதில் பலகை வீடுகள் வரிசையாக இருந்த முகாமில் எங்களுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு என்று கட்டிக் கொடுத்ததில் மூன்று வருடமாக இருந்தோம். உம்மா மருதமுனையில் ஒரு தறிச்சாலையில் நூல் சுற்றும் வேலைக்குப் போனார். என்னைத் தனியாக விட மனம் வராமல், தறிச்சாலைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார். அதனால் நானும் அவரோடு தினமும் சென்றியில் இறங்கி ஏறினேன். எனக்கு ஒன்பது வயது. இடுப்பு வரைக்கும் இரட்டைப் பின்னல். அந்தப் பின்னலுக்குள் முகாமில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் போலவே பேன்.

சென்றியில் நின்ற இருவரில் ஒருத்தி இளையவள். இருபது வயதுதான் இருக்கும். ஆமி உடுப்பு அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எங்கள் கொண்டைகளை அவிழ்க்கச் சொல்லும் அவளுடைய கொண்டையைத்தான் நான் எப்போதும் பார்த்துக்கொண்டு நிற்பேன். கழுத்துப் பட்டிக்கு மேலே, தொப்பிக்குக் கீழே, கறுப்பு வலைக்குள் இறுக்கி வைத்த உருண்டை. நெற்றியில் ஒரு மயிர் விழாது. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு கவனமாக யாரும் தலை வாரியதில்லை.

அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஒரு நாள் மறைப்புக்குள் வேறு யாரும் இல்லாத நேரம் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். தொப்பி என் கண் வரைக்கும் இறங்கியது. வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்டதும் சட்டென்று எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பேனை நினைத்தேன். உம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பின்னேரம் வரும்போது, அவள் உம்மாவை மட்டும் மறித்து நிறுத்தினாள். மற்றப் பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார்கள். உம்மாவின் கை என் கையை நெரித்தது. அந்தப் பெண் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள். கறுப்பு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குள் கடித்துக்கொண்டாள். வலையை உருவினாள். தலைமயிர் அவிழ்ந்து தொடை வரைக்கும் விழுந்தது.

"அக்கா, பேன்" என்றாள். "நிறைய இரிக்கி. மேடம் கண்டா கொண்டே வெட்டும்."

கொண்டே என்றால் சிங்களத்தில் தலைமயிர் முழுவதும். எங்களுக்குக் கொண்டை என்றால் முடிந்து வைத்தது மட்டும். முதலில் உம்மாவுக்கு விளங்கவில்லை. கொண்டையை எப்படி வெட்டுவது என்று குழம்பினார். அவள் இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கிக் காதோரம் வெட்டிக் காட்டினாள். பிறகு அரைத் தமிழிலும் கைச் சாடையிலும் எல்லாவற்றையும் சொன்னாள். மயிர் பட்டியில் படக் கூடாது. வலையும் ஊசியும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் பெரிய அதிகாரி மேடம் வந்து தலையைப் பார்ப்பாள். துப்புரவு இல்லாவிட்டால் ஆண் பிள்ளை போல வெட்டிவிடுவார்கள். ஊரில் தாய்க்கு இந்தத் தலைமயிர் என்றால் உயிர்.

"மண்ணெண்ணெ பூசினா ஒரே நாள்ல போகும்" என்றார் உம்மா.

"எபா, எபா. வேணாம். மேடத்துக்கு மணக்கும்."

வேப்பெண்ணெயும் மணக்கும். அப்படியென்றால் கையால்தான் எடுக்க வேண்டும். ஏலாது என்று உடுப்புக்காரியிடம் எப்படிச் சொல்வது? உம்மா கைப்பையிலிருந்து என் பேன் சீப்பை எடுத்தார். அவள் மரப்பெட்டியில் உட்கார்ந்து துவக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மற்ற ஆமிப் பெண் வாசலில் காவல் நின்றாள். உம்மா பகல் முழுவதும் நூல் சுற்றிக் காய்ந்த விரலால் அவள் தலையில் பேன் பார்த்தார். எங்கள் பஸ் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்படிப் பத்து நாள். இடையில் மேடம் வந்து பார்த்த நாளில் அவள் தப்பிவிட்டாள். ஆனால் ஈர் பொரித்துப் பொரித்துத் திரும்பவும் வந்தது. தினமும் பிந்திய பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம். அவள் உம்மாவின் கொண்டையை அவிழ்க்கச் சொல்வதை விட்டுவிட்டாள். எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட் தந்தாள். அதை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஆமி தந்தது என்று எல்லோருக்கும் காட்டிக் காட்டித் தின்றேன்.

அந்தக் கிழமைதான் தறிச்சாலை ஒழுங்கையில் இருந்த ஓர் இளைஞனை அதே சென்றியில் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் தறிச்சாலையில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நூல் சுற்றிய பெண்கள் தாங்கள் உட்காரும் பலகையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் முதலாளி, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் உம்மாவின் காக்கா, என் மாமா, சைக்கிளில் முகாமுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"அந்தத் தகரத்துக்குள்ள ஒவ்வொரு நாளும் என்ன புள்ள கதைக்கிற நீ?"

"ஒண்டும் கதைக்கல்ல காக்கா. பேன் பாத்தன்."

"என்ன?"

"அந்தப் புள்ளைக்குப் பேன். எடுத்துக் குடுத்தன்."

"பத்து நாளா?"

"பேன் ஒரு நாள்ல போகுமா?"

மாமா அப்போதுதான் சைக்கிளைப் பலகைச் சுவரில் சாய்த்தார். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அவருடைய முகம் இன்னும் கவலையானது.

"இதப் போய் ஆருக்கிட்டச் சொல்ற? ஊர் முழுக்க நீதான் அந்தப் பொடியனக் காட்டிக் குடுத்த எண்டு கதைக்குது. காட்டிக் குடுத்தவங்க எண்டு லைட் போஸ்டில கட்டிப் போட்ட ஆக்கள மறந்திட்டியா?"

உம்மா என் தலையைத் தடவியபடி நிலத்தில் இருந்துவிட்டார். லைட் போஸ்டில் ஏன் ஆட்களைக் கட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மின்சாரம் பிடிக்காதா என்றுதான் யோசித்தேன்.

அடுத்த நாள் காலை, முகாமின் பொதுக் குழாயடியில் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்ற நேரம் பார்த்து, உம்மா என்னைக் கையில் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனார். மற்றக் கையில் ஒரு சவர அலகு இருந்தது. எல்லோருக்கும் நடுவில் என்னை இருத்தி, என் பின்னலை அவிழ்த்து, தலையில் தண்ணீரை ஊற்றினார். முகாமில் உம்மா குரல் உயர்த்திக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி கதைத்தார்.

"பாருங்க கா, இந்தத் தலைய! இந்தப் பேனோட நான் படுற பாடு! சென்றியில நிக்கிற ஆமிப் புள்ளைக்கும் இதுதான். பத்து நாளா நான் அவக்கும் பேன் பாத்துக் கை ஓஞ்சி போச்சி!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அலகு என் நெற்றியில் பட்டது. முதல் பிடி மயிர் என் மடியில் வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. உம்மா கண்டுபிடித்துவிட்டார். தொப்பி விசயம் தெரிந்துவிட்டது. இது அதற்குத் தண்டனை.

"நான்தான் உம்மா! நான்தான் அவக்குப் பேனக் குடுத்த!" என்று கத்தினேன். "அவட தொப்பிய என்ட தலையில வெச்சவ. எடுத்து மறுகா அவ போட்டவ. அதுலதான் போன! இனிப் போட மாட்டன் உம்மா, வெட்டாதீங்க!"

உம்மாவின் கை நின்றுவிட்டது. வரிசையில் ஒருத்தி 'கிளுக்' என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வாளிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோருமே சிரித்தார்கள். "ஆமிக்கே பேன் குடுத்திருக்காள் கா!" என்று ஒரு மூத்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். நான் அழ அழ அவர்கள் சிரித்தார்கள். பாதி சிரைத்த தலையை அப்படியே விட முடியாது. உம்மா மீதியையும் சிரைத்தார். நான் திமிறியதில் காதுக்கு மேலே ஓர் இடத்தில் வெட்டுப்பட்டது. கண்ணீர் விட்டுக்கொண்டு என் மொட்டைத் தலையில் முத்தமிட்டார். தண்டித்துவிட்டு ஏன் முத்தமிடுகிறார் என்று கோபத்தில் அவரைத் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்தச் சிரிப்பு எங்களை முந்திக்கொண்டு ஊருக்குள் போனது. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குடிக்கு, அங்கிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து மருதமுனைக்கு. அந்த இளைஞனையும் ஐந்தாம் நாள் விட்டுவிட்டார்கள். தறிச்சாலை முதலாளி ஆள் அனுப்பினார். பெண்கள் பலகையைத் திரும்ப இந்தப் பக்கம் நகர்த்தி, பேன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். உம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். சொல்லாமல் இருக்கப் பயம் என்று இப்போது தெரிகிறது. பஸ் கொண்டக்டர்கூடச் சென்றி வந்ததும், "இறங்குங்க, இறங்குங்க, பேன் பாக்குற இடம்!" என்று கத்தத் தொடங்கியிருந்தான். அங்கே நின்ற ஆமிக்காரர்களுக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும்.

நாங்கள் மறுபடி போன முதல் நாள் அந்தப் பெண் சென்றியில் இல்லை. நான்காம் நாள்தான் கண்டோம். முதலில் யாரோ புதியவள் என்று நினைத்தேன். தொப்பி காது வரைக்கும் இறங்கியிருந்தது. கீழே கொண்டையைக் காணவில்லை. வலையும் இல்லை, ஊசியும் இல்லை. பின்கழுத்து வெள்ளையாக, புதிதாக வெயில் பட்டு நின்றது.

உம்மா உள்ளே காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கொண்டைய அவிழுங்க" என்றாள் அவள். அக்கா என்று சொல்லவில்லை. தமிழ் இப்போது பிசகில்லாமல் வந்தது.

உம்மா அவிழ்த்தார். அவள் விரலை விட்டு வேர் வரைக்கும் தேடினாள். மற்றப் பெண்களுக்குத் தேடுவதைவிட அதிக நேரம் தேடினாள். உம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தபடி நின்றார்.

எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் மொட்டை. எல்லோரும் என் முக்காட்டை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள். இப்போது எனக்கு ஒரு துணை. நான் முக்காட்டைக் கழற்றி என் தலையை அவளுக்குக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். உம்மாவின் தலையிலிருந்து கையை எடுத்து என் தலையில் வைத்தாள். காதுக்கு மேலே ஆறாமல் இருந்த வெட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நங்கி" என்றார் உம்மா. தங்கச்சி என்று அர்த்தம்; அவருக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அது.

அவள் கையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, "அடுத்த ஆள்" என்றாள்.

உம்மா கொண்டையை முடியவில்லை. அவிழ்ந்த மயிரின் மேலேயே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கடல் வந்த வருடத்துக்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஏன் உம்மா அழுறீங்க?" என்று கேட்டேன். "அவக்குப் பேன் போயிட்டுதுதானே?"

"ஓம் மகள்" என்றார் உம்மா. "போயிட்டுது."

எனக்கும் போய்விட்டது, அவளுக்கும் போய்விட்டது, உம்மாவுக்கு வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பாண்டிருப்பு தாண்டும்போது அதை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.