மெர்ல் போட்ட துளை

துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கும் மெர்ல் ஸ்டென்ஸ்ரூட் வேலை பார்த்த துப்பாக்கி ஒன்றுகூடப் பல வருஷமாகப் பாதியில் நின்று திரும்பி வந்ததில்லை. இதை அவன் சொல்ல வேண்டியதே இல்லை, எங்கள் ஊர் ஒரோஃபினோவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் எங்கள் சுடும் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு போடுகிறவள். பீன்ஸும் பன்றித்தொடையும் சோள ரொட்டியும் வாங்க எல்லோரும் என் மேசைக்குத்தான் வர வேண்டும். அதனால் யார் எதில் வீம்பு பிடிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. மெர்லின் வீம்பு முழுக்க ஒரு சின்னத் துளையில் இருந்தது.

ரைபிள் குழலின் மேல்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை போடுவார்கள். குண்டு போகும்போது வெடிப்புகையில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகப் பின்னால் வந்து, குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைத் தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். துளை சின்னதாகிவிட்டால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும். பெரிதாகிவிட்டால் போல்ட் அடித்துக்கொண்டு வரும், தோளில் உதை விழும். போட்ட துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. அதனால் கை தேர்ந்தவர்கள் சின்ன டிரில் பிட்டில் ஆரம்பித்து, சுட்டுப் பார்த்து, மயிரிழை மயிரிழையாக ஏற்றுவார்கள்.

மெர்லும் முதலில் அப்படித்தான் செய்தான். பட்டறை போட்ட புதிதில் அவன் குழல் மாட்டிய ரைபிள் ஒன்று, குளிர்காலப் போட்டியில் எல்லோர் கண்முன்னாலும் நின்றுவிட்டது. பர்ல் என்ற மரவெட்டி இருக்கிறான், வாய் சும்மா இருக்காது. "மெர்ல், பின்னாடி ரெண்டு பேரு தள்ளணுமா?" என்று கேட்டான். வரிசை மொத்தமும் சிரித்தது. அன்றிலிருந்து மெர்ல் சோதிப்பதெல்லாம் கிடையாது. வேண்டியதைவிட ஒரு அளவு பெரிய பிட்டை எடுப்பான், ஒரே போடு. பிறகு எதுவும் நிற்கவில்லை.

உதைக்கிறது என்று யாரும் குறை சொல்லவுமில்லை. எங்கள் ஊர் ஆண்களிடம் தோள் வலிக்கிறதா என்று கேட்பது கால்சட்டையைக் கழற்றச் சொல்வது மாதிரி. தோள் கன்றிப்போய் இடது கையால் பீன்ஸ் வாங்குவார்கள். "மெர்ல் துப்பாக்கி, சும்மா ஜோரா இருக்கு" என்பார்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆர்டித் வோகல் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அவள் அப்பா க்ளைட் ஒருகாலத்தில் மாநில அணியில் சுட்டவர், மகளும் அங்கே போவாள் என்று நம்பியவர். அவளும் அப்படித்தான் சுட்டாள், மெர்லிடம் புதுக் குழல் மாட்டுகிற வரைக்கும். அதற்குப் பிறகு விசையை அழுத்துவதற்கு முன்பே அவள் கண் மூடிக்கொள்ளும், உடம்பு ஒடுங்கும். குண்டு எங்கேயோ போகும். அவளே மெர்லிடம் போய்த் துப்பாக்கியில் ஏதும் கோளாறா என்று கேட்டாள். என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டாள்.

"என் துப்பாக்கில ஒண்ணும் இல்ல, ஆர்டித். உனக்குத்தான் பயம் வந்திருச்சு. பயந்தா பயந்தேன்னு ஒத்துக்க. அதுல என்ன?" என்றான் மெர்ல், எல்லோர் காதிலும் விழும்படி.

க்ளைட் கிண்ணத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிவிட்டுத் தன் வண்டியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை. பிப்ரவரியில் இறந்துபோனார். எனக்கு அன்றைக்கே மெர்ல் மேல் கோபம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, துப்பாக்கி விஷயத்தில் அவனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

வசந்தத்தில் ஆர்டித் துப்பாக்கியை அவன் பட்டறையில் கொண்டுவந்து வைத்தாள். "வித்துக் குடுத்துரு. வர்ற சனிக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கறாங்க, நான் வரல" என்றாள்.

விற்பதற்கு முன்பு சுட்டுப் பார்க்கலாம் என்று எடுத்துப்போனான். பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் அவனுக்குக் கட்டு. வேறு வழியில்லாமல் இடது தோளில் வைத்துச் சுட்டான். ஆர்டித் இடதுகைக்காரி, எப்போதும் அப்படித்தான் சுடுவாள். காலித் தோட்டா வெளியே வருகிற ஓட்டை வலதுபக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்தால் முகம் அதற்கு நேராகப் போய்விடும். முதல் குண்டிலேயே, பெரிய துளையால் மிஞ்சிய சூடான புகை அந்த ஓட்டை வழியாக வந்து, பாதுகாப்புக் கண்ணாடிக்குள் புகுந்து கண்ணில் அடித்தது. மூன்றாவது குண்டுக்கு, விசையைத் தொடும் முன்பே தன் கண் மூடிக்கொண்டதை அவன் உணர்ந்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டானாம், வெட்கத்தில் காது எரிந்ததாம், பிறகு என்னிடம் சொன்னான்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மெர்லா சொல்வான்? கட்டுப் போட்ட கையோடே அவள் துப்பாக்கிக்கு அதேபோல இன்னொரு குழலை எடுத்து, இந்த முறை இருப்பதிலேயே சின்ன பிட்டிலிருந்து ஆரம்பித்தான். துளை போட்டுச் சுட்டான், நின்றது. ஒரு அளவு ஏற்றினான், நின்றது. பிட் பிட்டாக மாற்றி, அழுக்குத் துப்பாக்கியும் குளிரும் தாங்குகிற இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை, ஒரே பகலில் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே துப்பாக்கிதான். பிறகு ஆர்டித்துக்கு போன் போட்டு, "நல்லா துடைச்சு வச்சிருக்கேன். விக்கறத அப்புறம் பாத்துக்கலாம், சனிக்கிழமை கடைசியா ஒரு தடவ வந்து சுடு" என்றான்.

சனிக்கிழமை தேர்வில் அவள் வந்து சுட்டாள். ஆரம்பத்தில் பழக்கத்தில் ஒடுங்கினாள். புகை வரவில்லை, உதை வரவில்லை. மெல்ல மெல்ல உடம்பு தளர்ந்தது, கண் திறந்தே இருந்தது. மாலைக்குள் அணிப் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது. ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைப் போட்டுவிட்டுக் கை தட்டினேன்.

அவள் நேராக மெர்லிடம் வந்தாள். அவன் கையில் பலகாரத் தட்டு. "நீ சொன்னது சரிதான், மெர்ல். பயம்தான். அன்னிக்கு உன்மேல எனக்கு அவ்வளவு கோபம். ஆனா நீ மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்ன. அப்பா இருந்திருந்தா உனக்குக் கை குடுத்திருப்பாரு" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். பர்ல் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். மெர்லின் கழுத்து சிவந்து, சிவப்பு நெற்றி வரைக்கும் ஏறியது. வெட்கப்படுகிறான், பாவம் என்றுதான் நான் நினைத்தேன். அவன் தட்டை என் மேசையில் வைத்தான்.

"பயம் இல்ல, ஆர்டித். துளை பெருசு. நான்தான் பெருசாப் போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன், நின்னுரக்கூடாதேன்னு. இப்ப நீ சுட்டது வேற குழல்."

நாலைந்து ஆண்களின் கை தானாகத் தோளுக்குப் போனதை நான் பார்த்தேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று ஆர்டித் கேட்டாள்.

"இந்த வாரம்."

"இப்ப நான் நன்றி சொன்னேனே, அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"விடு ஆர்டித், அதான் சரியாயிருச்சே. அணியிலயும் எடுத்துட்டாங்க" என்றான் பர்ல்.

"அந்தப் பலகாரத்தத் தின்னுட்டு வாய மூடு, பர்ல்" என்று கத்தினேன்.

ஆர்டித் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மெர்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் உயரவே இல்லை.

"அப்பா ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படறது தப்பில்லடி கண்ணு, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல'ன்னு சொன்னாரு. வருத்தம் மூஞ்சியில அப்படியே தெரிஞ்சுது. நான் பயப்படலப்பான்னு சொல்லத் தோணல மெர்ல். நானே நம்பிட்டேன். ஆமாப்பா, பயந்துட்டேன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சேன்."

மெர்ல் தொப்பியைக் கழற்றினான்.

"அவருகிட்ட இப்ப யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அவள் நின்றாள்.